புல்லுப் பிடுங்க ஏலாத மாஸ்டர்

எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் என் வாய். முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி. ஜேர்மனியில் வுப்பர்டால் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லம், இரண்டாம் மாடி, ஜன்னலோர மேசை. வார இறுதிகளில் எனக்கு அங்கே வேலை. கோப்பி ஊற்றுவேன், கேக் வெட்டுவேன், காணாமல்போன மூக்குக்கண்ணாடிகளைத் தேடுவேன். மற்ற நாட்களில் பான் நகரப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவி. அம்மா அதே இல்லத்தில் பதினேழு வருடமாகப் பராமரிப்பாளர். அவர்தான் இந்த வேலையையும் எடுத்துத் தந்தவர்.

மேசையில் இருந்தவர் எண்பத்து நான்கு வயது ஜேர்மன் கிழவி. என் பேராசிரியரைப் பெற்றவர். அந்தப் பேராசிரியர் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு பௌத்த பிக்குவாகப் போகிறார் என்பது அந்த மாடி முழுவதற்கும் தெரிந்த செய்தி. கிழவி பேசியதெல்லாம் ஜேர்மன்தான். ஆனால் என் தலைக்குள் அது எங்கள் வீட்டுத் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே தருகிறேன்.

"பிக்குமாருக்கு நிறையச் சட்டம் இருக்காம். உண்மையோ?" என்றார், கேக்கைக் கிளறியபடி.

எனக்குக் குஷி. பிக்குகளின் விதிகளைப் பற்றி அவருடைய மகன் நடத்திய வகுப்பில் முழுப் புள்ளி எடுத்தவள் நான். "இருநூறுக்கு மேலை இருக்குது" என்று தொடங்கினேன். "மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடக்கூடாது. காசைத் தொடக்கூடாது. பொம்பிளையளைத் தொடக்கூடாது."

"என்னையுமோ?"

"உங்களையும்தான். கட்டிப்பிடிக்க ஏலாது."

"பரவாயில்லை. அவன் எப்ப கட்டிப்பிடிச்சவன்?" என்று கிழவி ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். எந்தப் புத்தியுள்ள பெண்ணும் அங்கே நிறுத்தியிருப்பாள்.

"மண்ணைக் கிண்டக்கூடாது. செடி வெட்டக்கூடாது. ஒரு புல்லைக்கூடப் பிடுங்க ஏலாது. அதுக்கும் உயிர் இருக்குதெல்லோ."

முள்ளுக்கரண்டி பாதி வழியில் நின்றது. "புல்லைக்கூடவோ?"

"புல்லைக்கூட."

"அப்ப கல்லறையை ஆர் பாக்கிறது?"

நான் வாயை மூடினேன். மிகவும் தாமதமாக. கிழவி கரண்டியைத் தட்டில் வைத்தார். வாயைத் துடைத்தார். "இண்டைக்கு அவன் வருவான். ஓமெண்டு சொல்லத்தான் இருந்தனான்" என்றார். "இனி இல்லை."

அவருடைய ஓம், அதாவது சம்மதம், ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அதுவும் ஒரு விதிதான். பிக்குவாக விரும்புகிறவருக்குத் தாய் தகப்பன் உயிரோடு இருந்தால் அவர்களுடைய அனுமதி வேண்டும். வயது ஒரு பொருட்டே இல்லை. என் பேராசிரியருக்கு ஐம்பத்து நான்கு. ஆறு மொழி தெரியும். ஆனாலும் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகும் பிள்ளையைப் போல அவர் அம்மாவிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். ஜூலையில் அவருடைய மடத்தில் துறவேற்பு. அதற்குள் கிழவி ஓம் சொல்லாவிட்டால் இன்னொரு முழு வருடம் காத்திருக்க வேண்டும். எண்பத்து நான்கு வயதுக்காரியின் ஓமுக்கு ஒரு வருடம் என்பது சின்ன விசயமில்லை.

கல்லறையையும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் ஆளைப் புதைத்துவிட்டு அப்படியே வர முடியாது. கல்லறை என்றால் ஒரு சின்னத் தோட்டம். காலத்துக்கு ஏற்ற பூ நட வேண்டும், களை எடுக்க வேண்டும், வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். விட்டுவிட்டால் மயான அலுவலகம் கடிதம் போடும். அதைவிடப் பயங்கரம், பக்கத்துக் கல்லறைக்காரிகள் கதைப்பார்கள். கிழவியின் கணவர் செத்துப் பதினொரு வருடம். பதினொரு வருடமும் அந்தத் தோட்டத்தைப் பார்த்தது மகன். கிழவிக்கு முழங்கால் போன பிறகு, மகன் சொல்லும் விபரத்தை வைத்துத்தான் அவர் அந்தக் கல்லறையைப் பார்த்தார். ஒவ்வொரு செடியும் தெரியும் அவருக்கு.

அதைத்தான் நான் ஒரு துண்டு கேக் நேரத்தில் உடைத்துப் போட்டேன்.

*

பேராசிரியரை நாங்கள் வீட்டில் மாஸ்டர் என்போம். அவரை எனக்கு ஆறு வயதிலிருந்து தெரியும், வகுப்புத் தோழனாக. பகிடி இல்லை. வுப்பர்டாலில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்த மண்டபத்துக்கு ஒரு நாள் ஆறடி உயரத்தில் ஒரு வெள்ளைக்காரர் வந்து, தமிழ் படிக்க வேண்டும் என்றார். பாளி தெரியும், சமஸ்கிருதம் தெரியும், தமிழ் எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரியாதவர்களுக்கு முதலாம் வகுப்பு. ஆசிரியை துளியும் இரங்காமல் அவரை என் பக்கத்துக் குட்டிக் கதிரையில் இருத்தினார். முழங்கால் மேசையை விட உயரமாக நின்றது. என் அழிறப்பரை வாங்கினார், இன்னும் தரவில்லை. ஆனாவை ஒரு கொப்பி நிறைய எழுதினார். நான் அதற்குள் மூன்று முறை அழுது, இரண்டு முறை ஒன்றுக்குப் போய் வந்துவிட்டேன். அவர் எழும்பவில்லை.

அந்தாள் அப்படித்தான். ஒன்றைத் தொட்டால் விடமாட்டார். இரண்டு வருடத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் மாதிரிக் கதைத்தார். கோடையில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவுக்கு எங்களோடு வருவார், வேட்டிக்கு மேல் தோல் பெல்ட் கட்டிக்கொண்டு. தன்னைவிட இளையவரான என் அம்மாவை அக்கா என்பார். அம்மா புட்டு அவித்தால் மாஸ்டருக்கு ஒரு பெட்டி போகும். நான் பானுக்குப் படிக்கப் போனதே அவருடைய வகுப்புக்காகத்தான். அவர் முப்பது வருடமாகப் பிக்குகளின் விதிநூல்களைப் பழைய ஏடுகளோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முந்தி எங்கள் வீட்டு ஹோலில் வைத்துச் சொன்னார். "நான் வேலையை விடப் போறன் அக்கா. துறவியாகப் போறன்."

அம்மாவுக்குச் சந்தோசம். "நல்ல விசயம் மாஸ்டர். எந்த மடம்?"

"புத்த மடம்."

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். எங்கள் வீட்டில் அது சைரன் மாதிரி.

அம்மாவுக்கு அந்தக் காவி புத்தகத்தில் பார்த்த நிறமில்லை. ஊரில் சண்டைக் காலத்தில் ஆமி வந்த பாதையால் பின்னாலேயே வந்த நிறம். ஆமிக்கு நூல் கட்டி ஆசீர்வாதம் செய்த கைகளின் நிறம். அம்மாவின் அண்ணா ஒரு நாள் காலை மண்ணெண்ணெய் வாங்க சைக்கிளில் போனவர். சைக்கிள்கூடத் திரும்பி வரவில்லை.

"உலகத்திலை வேறை உடுப்பே இல்லையோ மாஸ்டர்?" என்று கேட்டார் அம்மா.

"இருக்குது அக்கா. ஆனா முப்பது வருசமா நான் மெனுக்காட்டைத்தான் வாசிச்சுக் கொண்டிருக்கிறன். எழுத்துப் பிழையும் திருத்திப்போட்டன். இனி ஒருக்காச் சாப்பிட்டுப் பாக்கோணும். எனக்கு வேண்டியது அதுக்குள்ளைதான் இருக்குது."

"எங்களுக்கு நோகுமெண்டு தெரியாதோ?"

"தெரியும். அதுதான் நேரிலை வந்து சொல்லுறன்."

அம்மா அவருக்கு முன்னாலிருந்த புட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். மாஸ்டர் பாதிதான் சாப்பிட்டிருந்தார் பாவம். அன்றிலிருந்து மாஸ்டர் எங்கள் வீட்டில் பெயரில்லாத 'உவர்' ஆனார். அம்மா அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ஆனால் அவருடைய தாய்க்கு இல்லத்தில் தலை இழுத்துச் சீவிவிடுவதும், காலுக்குக் கிறீம் பூசுவதும் அம்மாதான். நான் ஒரு முறை நக்கலாகக் கேட்டதற்கு, "மகன் விசரன் எண்டா தாய் என்ன செய்யும்?" என்றார்.

மாஸ்டர் நிரந்தர அரச பதவியைத் தூக்கிக் கொடுத்தார். இந்த நாட்டில் அது நடுச் சந்தியில் உடுப்பைக் கழற்றுவதற்குச் சமம். தெற்கே ஒரு மலையடிவார மடத்தில் சேர்ந்து, தலையை மழித்து, முதல் வருடத்துக்குரிய வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டார். அந்த உடுப்பில் இருக்கும் வரைக்கும் மண்ணைத் தொடலாம். மாதம் ஒரு முறை வந்து கல்லறையைத் துப்புரவாக்குவார், பிறகு தன் தாயிடம் போய் அனுமதி கேட்பார். "யோசிக்கிறன்" என்பார் கிழவி. யோசித்து முடித்த நாளில்தான் நான் வாயைத் திறந்தேன்.

*

அன்றைக்கும் மாஸ்டர் வந்தார். கேட்டார். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. "இல்லை" என்ற சொல் தாழ்வாரம் வரை கேட்டது. இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தார்.

"நான்தான் சொன்னனான்" என்றேன். "மண் கிண்டக்கூடாது எண்டு. என்ரை வாய்க்குக் கொள்ளி வைக்கோணும்."

"நீர் சொன்னது சரிதானே பிள்ளை. விதி அப்பிடித்தான் இருக்குது."

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

மழித்த தலையைத் தடவினார். "அதைத்தான் நானும் யோசிக்கிறன். நானே சொல்லியிருக்கோணும். தெரியாமல் அவ ஓமெண்டு சொல்லியிருந்தா, அது ஓமே இல்லை."

"இப்ப என்ன செய்யப் போறியள்?"

"அடுத்த மாதம் கேப்பன்."

"அதுக்கும் இல்லையெண்டா?"

"அதுக்கடுத்த மாதம்."

"சாகும் வரைக்குமோ?"

"ஆர் சாகும் வரைக்கும்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காசு கொடுத்து மயானத் தோட்டக்காரரைப் பிடிக்கலாமே என்றேன். கிழவி அதை ஏற்கெனவே தள்ளிவிட்டாராம். "அவங்கள் எல்லாருக்கும் ஒரே பூவைத்தான் வரிசையா வைப்பாங்கள், பெற்றோல் நிலையத்து வாசல் மாதிரி. என்ரை மனிசன் என்ன பெற்றோல் நிலையமோ?" கல்லால் மூடிவிடலாம் என்றதற்கு, "அப்ப என்னையும் கல்லாலை மூடு" என்றிருக்கிறார்.

சரி. நான் உடைத்தேன், நான்தான் ஒட்ட வேண்டும். நேரே உள்ளே போனேன். "நான் பாக்கிறன் கல்லறையை. ஒவ்வொரு சனியும்."

கிழவி என் நகங்களைப் பார்த்தார். ஊதா நிறம், புதுப் பூச்சு. "உன்னாலையோ?"

"ஏன், ஏலாதோ?"

"பாப்பம்" என்றார். அந்த "பாப்பம்" எனக்குப் போதும்.

*

முதல் சனி. மயானம் ஒரு மேட்டில். வுப்பர்டாலில் எதுவும் மேட்டில்தான் இருக்கும். தொங்குரயிலிலிருந்து இறங்கி இருபது நிமிடம் ஏறினேன். கல்லறை முழுக்கத் தரையோடு தரையாக ஒரு பச்சைக் கொடி அடர்த்தியாகப் பரவிக் கிடந்தது. பூவும் இல்லை, ஒன்றும் இல்லை. இதுதான் களை என்று முடிவு செய்தேன். இரண்டு மணித்தியாலம் வேரோடு பிடுங்கினேன். ஓரத்தில் மட்டும் மூன்று மஞ்சள் பூ அழகாக நின்றது. அதை விட்டுவைத்தேன். கைப்பேசியில் படம் எடுத்து, மறுநாள் கிழவியிடம் பெருமையோடு நீட்டினேன்.

கிழவி கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் திறக்கவில்லை. நான் பயந்தே போனேன்.

பிறகுதான் தெரிந்தது. நான் பிடுங்கியது மாஸ்டர் பதினொரு வருடமாக வளர்த்த தரைமூடிச் செடி. நான் விட்டுவைத்த மஞ்சள் பூதான் களை. இந்த நாட்டில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த களை. எதிர்க் கல்லறைக்காரி முதல் நாளே தொலைபேசியில் கிழவிக்கு எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாராம்.

"பல்கலைக்கழகத்திலை உனக்கு என்னதான் படிப்பிக்கினம்?" என்று கேட்டார்.

"உங்கடை மகன்தான் படிப்பிச்சவர்" என்றேன். வாய் இன்னும் திருந்தவில்லை.

வீட்டில் வேறொரு கூத்து. முதல் சனியே சப்பாத்தில் மண்ணோடு மூன்றாம் மாடி ஏறி மணியடித்தேன். அம்மா கதவைத் திறந்து, காலைப் பார்த்தார்.

"எங்கை போனனி?"

"கல்லறைக்கு."

"எடி விசரி! சுடலையிலை இருந்து நேரை வீட்டுக்குள்ளை வாறியோ? நில் அதிலை! காலை வைச்சியோ முறிப்பன்!"

எங்கள் ஆட்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வீட்டு வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள், ஆண்கள்தான் போவார்கள். போய் வந்தவர் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்க ஏலாது. வுப்பர்டால் அடுக்குமாடியில் கிணறா இருக்கிறது? அம்மா ஒரு வாளி மஞ்சள் தண்ணியைக் கொண்டு வந்து படிக்கட்டில் வைத்து என் தலையில் ஊற்றினார். மேல்மாடி ஜேர்மன்காரர் நாயோடு இறங்கி வந்தவர், நாயைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஏறினார்.

"பொம்பிளைப் பிள்ளை சுடலைக்குப் போறதை எங்கை கண்டனி? உவருக்காகவோ போனனி?"

"இல்லை. என்ரை வாய்க்காக."

"அப்ப வாயைக் கழுவு" என்று மிச்சத் தண்ணியையும் ஊற்றினார்.

மூன்று சனி போனேன், பிடுங்கிய இடத்தில் புதுச் செடிக் கண்டு வாங்கி நட்டேன். மூன்று முறையும் வாளி. ஆனால் ஒன்று கவனித்தேன். அம்மா போகாதே என்று சொல்லவில்லை. மூன்றாம் சனி நான் வரும்போது தண்ணீர் இளஞ்சூட்டில் தயாராக இருந்தது. என் கைப்பேசியையும் எடுத்துப் பார்த்தார். அம்மா வெங்காயத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்.

"உது என்ன, கோழி கிளறின மாதிரி? மண்ணைக் கொத்தாமலோ நட்டனி? கண்டு கழுத்து வரைக்கும் புதைஞ்சு கிடக்குது. மூச்சு விடுமே அது?"

"வந்து காட்டித் தாங்கோவன்."

"உவற்றை காவிக்கு நான் தண்ணி ஊத்தவோ? கண்டறியாத கதை." கைப்பேசியைச் சோபாவில் எறிந்தார்.

மே மாதம் மாஸ்டர் வந்தார், கேட்டார். "கல்லறை மொட்டையாக் கிடக்குது. இல்லை" என்றார் கிழவி. மாஸ்டர் என்னைக் குறை சொல்லாமல் புதிதாக நான்கு கண்டு நட்டுவிட்டுப் போனார். அது இன்னும் வலித்தது.

*

அதற்கடுத்த வாரம் கிழவியின் அறையில் நான் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா கீழே ஸ்டூலில் இருந்து கிழவியின் காலுக்குக் கிறீம் பூசிக்கொண்டிருந்தார்.

"உன்ரை மகள் என்ரை மனிசனை மொட்டையடிச்சுப்போட்டாள்" என்றார் கிழவி.

"அவளுக்குப் பிடுங்கத்தான் தெரியும்" என்றார் அம்மா. இருவரும் சிரித்தார்கள். என் செலவில்.

"உங்கடை ஊரிலை கல்லறையளை ஆர் பாக்கிறது?"

"எங்களுக்குக் கல்லறை இல்லை. எரிக்கிறது."

"அப்ப நீ போய் நிக்கிறதுக்கு ஒரு இடமும் இல்லையோ? ஒருத்தருக்குமோ?"

அம்மாவின் ஜேர்மன் வேலைத்தலத்தில் பொறுக்கிய ஜேர்மன். எல்லாவற்றையும் இன்றைக்கு நடப்பது போலத்தான் சொல்வார். "என்ரை அண்ணா மண்ணெண்ணெய் வாங்கப் போறார்" என்றார். "வாறாரில்லை."

கிழவி மற்றக் காலை நீட்டினார். அம்மா அதற்கும் பூசினார். விரல் இடுக்கெல்லாம் பூசி முடிந்த பிறகு கிழவி, "அப்ப உனக்கு விளங்கும்" என்றார்.

"விளங்கும்."

அவ்வளவுதான். நான் தலையணை உறையைப் பிடித்தபடி நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மா என் போர்வையை இழுத்தார். பழைய காற்சட்டை, மழைச் சப்பாத்து, கையில் பல்கனித் தோட்டத்துக் கத்தி.

"எழும்பு."

"எங்கை?"

"அந்த மனுசன் எத்தினை நாளைக்கு மொட்டையாக் கிடக்கிறது?"

மயானப் படலையில் நின்றுவிட்டார். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அப்படியொரு படலையை அவர் தாண்டியதில்லை. தன் தகப்பன் செத்த அன்றும் ஒழுங்கையோடு நிறுத்தப்பட்டவர். நான் போய்த் தண்ணீர்க் கான் இரண்டையும் நிரப்பிக்கொண்டு வந்தேன். இன்னும் நின்றார்.

"அம்மா, ஏலாதெண்டா நில்லுங்கோ. நான் செய்யிறன்."

"நீ செய்து கிழிச்சதைப் பாத்தனான். நட" என்று என்னை இடித்துக்கொண்டு முன்னால் போனார்.

அதற்குப் பிறகு நான் எடுபிடிதான். அம்மா முழங்காலில் நின்று மண்ணைக் கொத்தினார், கையால் பொடியாக்கினார், மணந்து பார்த்தார், "புளிச்ச மண்" என்று திட்டினார். சந்தையில் வாங்கிய தரைமூடிக் கண்டுகளை நூல் பிடித்த மாதிரி வைத்தார். எதிர்க் கல்லறைக்காரி இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு போய், தன்னுடைய கல்லறையில் மிஞ்சிய கண்டு ஆறேழை ஒரு தாளில் சுற்றிக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினார். வுப்பர்டாலில் அது பொன்னாடை.

அன்றைக்கு வாளித் தண்ணியை நான் அம்மாவுக்கு ஊற்றினேன். பழிவாங்கல் முழுமையாக நடந்தது.

*

ஜூன் கடைசிச் சனி. ஜூலைக்கு முன் மாஸ்டரின் கடைசி வருகை. தொலைபேசிச் செய்தியை நம்பாத கிழவி, நேரில் பார்த்தால்தான் உண்டு என்றார். சில்லு நாற்காலியை மாஸ்டர் அந்த மேட்டில் தள்ளிக்கொண்டு வந்தார். வெள்ளை உடுப்பு முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அம்மா கல்லறையில் முழங்காலில் இருந்தார். இருவரும் இரண்டு வருடமாகக் கதைக்காதவர்கள். மாஸ்டர் அம்மாவைக் கண்டதும் நாற்காலியைத் தள்ள மறந்தார்.

"இன்னும் கிட்டக் கொண்டு போ" என்றார் கிழவி.

பச்சை பிடித்துவிட்டது. அடர்த்தியாக இல்லை, ஆனால் பிடித்துவிட்டது. கிழவி குனிந்து, ஊன்றுகோலின் நுனியால் ஒரு கொடியைத் தூக்கி அதன் வேரைப் பார்த்தார். கணவரின் பெயருக்குக் கீழே இருந்த தூசை ஊதினார். மாஸ்டர் பழக்கத்தில் குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கினார்.

"விடு அதை" என்றார் கிழவி. "கல்லுக்குப் பின்னாலை இருக்கிறதை எடுத்துத் தா."

இங்கே எல்லாரும் தோட்டச் சாமானைக் கல்லறைக் கல்லின் பின்னால்தான் ஒளித்து வைப்பார்கள். மாஸ்டர் கையை விட்டு எடுத்தார். மரப்பிடி போட்ட சின்னக் கைமண்வெட்டி. பிடி அவருடைய கையின் அளவுக்குத் தேய்ந்திருந்தது. கிழவி அதை வாங்கி, மடியில் கொஞ்சம் வைத்திருந்து, அம்மாவிடம் நீட்டினார்.

"இனி உன்ரை."

அம்மா மண் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார்.

"நீ போகலாம்" என்றார் கிழவி மகனிடம், அவரைப் பார்க்காமல்.

மாஸ்டர் போகவில்லை. நாற்காலிக்கு முன்னால் வந்து முழங்காலில் இருந்தார். "அப்பிடிச் சொன்னாக் காணாது அம்மா. நான் கேக்கோணும், நீங்கள் சொல்லோணும். நான் பிக்குவாகிறதுக்கு அனுமதி தாறியளோ?"

இந்த மனுசன் விடமாட்டார். கிடைத்த வரத்தையும் எழுத்துப் பிழை பார்த்துத்தான் வாங்குவார்.

கிழவி அவருடைய மொட்டைத் தலையைப் பார்த்தார். கையை அதன்மேல் வைத்தார். இன்னும் இரண்டு வாரம்தான் தொடலாம் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொன்னவளும் நான்தான்.

"ஓம். தாறன். புல்லுக்கு ஆள் இருக்குது."

மாஸ்டர் எழும்பி, எங்கள் பக்கம் திரும்பினார். "அக்கா—"

"உங்களுக்காக இல்லை மாஸ்டர்" என்றார் அம்மா. இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த மாஸ்டர். "உந்த உடுப்பு எனக்கு எப்பவும் பிடிக்கப் போறதில்லை."

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சாச் சரி. சும்மா நிக்காமல் அந்தத் தண்ணிக் கானைத் தூக்கிக் கொண்டு வாங்கோ. இன்னும் துறவியாகேல்லைத்தானே?"

மாஸ்டர் இரண்டு கையிலும் கானைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

*

துறவேற்புக்கு நான் போனேன். மூன்று ரயில் மாறி, ஒரு பஸ் பிடித்து. அம்மா வரவில்லை. வரச்சொல்லி நானும் கேட்கவில்லை. கிழவிக்கு அவ்வளவு தூரம் ஏலாது. "என்ன கேட்டவை, என்ன சொன்னவன் எண்டு வந்து சொல்லு" என்றார்.

மரத்தால் கட்டிய மண்டபம். இரண்டு வரிசையில் பிக்குகள், ஜேர்மன்காரர், தாய்லாந்துக்காரர், ஆங்கிலேயர். நடுவில் மாஸ்டர், புதுக் காவியில், பிச்சைப் பாத்திரம் தோளில். பாளியில் கேள்வி கேட்டார்கள். நீ மனிதனா என்றுகூடக் கேட்டார்கள். முப்பது வருடமாக அந்தக் கேள்விகளின் எழுத்தைத் திருத்திய ஆள், வாய்ப்பாடு ஒப்புவிக்கும் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தாய் தகப்பன் அனுமதி உண்டா என்று கேட்டபோது மட்டும் குரல் மண்டபத்துக்கு வெளியேயும் கேட்டிருக்கும். எனக்கும் அந்தக் காவியைப் பார்க்க மாமாவின் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது. பொய் சொல்லமாட்டேன். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

முடிந்து எல்லாரும் முற்றத்தில் நின்றபோது என் கைப்பேசி அதிர்ந்தது. அம்மா அனுப்பிய படம். கல்லறை, ஈரமாக. "மழை இல்லை. ரெண்டு கான் ஊத்தினன். கிழவிக்கும் காட்டு" என்று எழுதியிருந்தார். நான் கூட்டத்துக்குள் மாஸ்டரைத் தேடிப் போய், எட்டி நின்று படத்தைப் பிடித்துக் காட்டினேன்.

பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு கண் படத்தின் வலது மூலைக்குப் போய் அங்கேயே நின்றது. கல்லுக்குப் பக்கத்தில் பச்சைக் கொடிக்குள் சம்பந்தமில்லாமல் ஏதோ நாலைந்து சிறகு மாதிரி இலை விட்டுக்கொண்டிருந்தது. அவருடைய விரல் தானாக மடங்கி, திரும்பக் காவிக்குள் போய்விட்டது.

பிடுங்கு என்று சொல்லவும் அவருக்கு விதியில் இடமில்லை. சொல்லலாமென்று விதி விட்டிருப்பது 'இதைப் பார்' என்ற ஒன்றைத்தான். அதைத்தான் சொன்னார். "அந்த மூலையை ஒருக்காப் பாக்கச் சொல்லும் பிள்ளை."

களை என்று நானும் நினைத்தேன். என் அறிவு தெரிந்ததுதானே. அம்மாவுக்கு எழுதினேன். மாஸ்டர் மூலையைப் பார்க்கச் சொல்கிறார் என்று. அரை நிமிடத்தில் குரல் செய்தி வந்தது. சத்தத்தைக் குறைக்க மறந்து அழுத்திவிட்டேன். முற்றத்தில் இருந்த அவ்வளவு பிக்குகளுக்கும் நடுவில் அம்மாவின் குரல்.

"எடி மொக்கு, அது களை இல்லை. செவ்வந்தி. அண்ணாவுக்கு வைச்சது. கிழவியைக் கேட்டிட்டுத்தான் வைச்சனான்."

யாரோ பின்னால் மாஸ்டரை ஜேர்மனில் கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.

"தண்ணி காணுமோ எண்டு கேளும்" என்றார் கடைசியில்.

கேட்டேன்.

"ஊத்தியாச்செண்டு சொல்லு மாஸ்டருக்கு" என்று பதில் வந்தது.